ரெக்கார்டு நோட்டில் மட்டும் ஓடும் புரோகிராம்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் கணினி வலையமைப்பு லேபின் பயிற்சிப் பட்டியலைப் புரட்டினால், இரண்டாவதாக ஒரு வரி இருக்கும். டிசிபி சாக்கெட்டைப் பயன்படுத்தி ஓர் இணையப் பக்கத்தை இறக்கும் புரோகிராம் எழுத வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. நாலு வருஷ பி.இ. படிப்பில் இதைவிட உருப்படியான லேப் வேலை அதிகம் இருக்காது. அதற்கு நேர்ந்திருக்கும் கதிதான் பரிதாபம்.

இணையத்தில் உலவும் லேப் மேனுவல்களில் இந்தப் பயிற்சிக்கென்று ஒரு ஜாவா விடை வெகுகாலமாகக் கைமாறி வருகிறது. கிளையன்ட் புரோகிராம் தன் வட்டில் கிடக்கும் ஒரு படத்தைத் திறக்கிறது. அதே கணினியில் 4000 என்ற போர்ட்டில் காத்திருக்கும் இன்னொரு புரோகிராமுக்கு அதை அனுப்புகிறது. அங்கே சின்ன ஜன்னல் ஒன்றில் படம் தெரிகிறது. இணையப் பக்கம் எங்கே? ஹெச்டிடிபி எங்கே? கேட்டது இறக்குமதி, நடப்பது ஏற்றுமதி. இன்னொரு விடையும் சுற்றுகிறது. அது ஜாவாவில் தயாராக இருக்கும் யுஆர்எல் வசதியை அழைத்து நாலு வரியில் வேலையை முடித்துக்கொள்ளும். பக்கம் வந்துவிடும், ஆனால் சாக்கெட் மாணவரின் கண்ணிலேயே படாது. இரண்டில் எதை எழுதினாலும் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழுந்துவிடுகிறது.

நேர்மையாகச் செய்தால் இந்தப் பயிற்சி என்ன தரும் என்று பார்க்கலாம். சாக்கெட் என்பது இரண்டு கணினிகளுக்கு நடுவே தொலைபேசி இணைப்பு வாங்கித் தருவது போன்ற ஏற்பாடு. லைனை அது தரும், பேச வேண்டியது புரோகிராம் எழுதுபவர். 1983இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் அது பரவலாக வெளியே வந்தது. சாக்கெட், கனெக்ட், சென்ட், ரிசீவ் என்று அன்று வைத்த பெயர்கள்தான் இன்று லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் புழங்குகின்றன. 40 ஆண்டு தாண்டியும் பெரிதாக மாறாத விஷயம் கணினித் துறையில் அபூர்வம்.

இணைப்பு கிடைத்ததும் பேச வேண்டிய ஹெச்டிடிபி பேச்சும் சிறியதுதான். டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வகுத்த முதல் வடிவத்தில் அது ஒற்றை வரி: கெட் என்ற சொல், பக்கத்தின் பாதை, வரிமுடிவு. இன்றைக்கும் எக்ஸாம்பிள்.காம் என்ற மாதிரித் தளத்தின் 80ஆம் போர்ட்டைத் தொட்டு இரண்டே வரி அனுப்பினால் பக்கம் வந்துவிடும். முதல் வரியில் கெட், ஒரு சாய்கோடு, ஹெச்டிடிபி/1.1. இரண்டாவது வரியில் ஹோஸ்ட், ஒரு முக்காற்புள்ளி, தளத்தின் பெயர். அதற்குப் பிறகு ஒரு வெற்றுவரி.

வித்தையெல்லாம் அந்த வெற்றுவரியில்தான். அதை விட்டுவிட்டு அனுப்பினால் பிழைச் செய்தி எதுவும் வராது. 'இன்னும் ஏதோ சொல்லப்போகிறார்' என்று சர்வர் காத்திருக்கும். 'பதில் வரட்டும்' என்று புரோகிராம் காத்திருக்கும். திரையில் கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும், சர்வர் பொறுமை இழந்து இணைப்பைத் துண்டிக்கும் வரை. ஹோஸ்ட் வரியை விட்டுப் பார்த்தால் வேறு கதை: 400 என்ற எண்ணோடு உடனே திட்டு விழும். ஒரே ஐபி முகவரியில் நூறு தளங்கள் குடியிருக்கலாம், யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லாமல் கதவைத் தட்டக்கூடாது என்பது 1.1 பதிப்பின் கட்டாயம்.

அடுத்த பாடம் ரிசீவ் தருவது. '4096 பைட் வரை கொடு' என்று கேட்டால் 4096தான் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 1400 வரலாம், 12 வரலாம். டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம், அதில் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்ற கோடு கிடையாது. கிளையன்ட்டும் சர்வரும் ஒரே கணினியில் ஓடும்போது பெரும்பாலும் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும், புரோகிராம் சரி என்றே தோன்றும். வெளி சர்வரோடு பேசும்போதுதான் பக்கம் பாதியில் அறுந்து நிற்கும். ஒரு கணினிக்குள்ளேயே நடக்கும் அந்த மேனுவல் விடை மாணவரிடமிருந்து மறைப்பது இதைத்தான்.

எங்கே முடிகிறது என்று சொல்ல 'கன்டென்ட் லென்த்' என்ற தலைப்புவரி இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனியாகவே ஒரு பொறி உண்டு. 'தமிழ்' என்ற சொல்லை சர்வருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளலாம். நம் கணக்கில் மூன்று எழுத்து. பைதானிடம் நீளம் கேட்டால் 5 என்னும், ஏனென்றால் யூனிகோடில் இகரக் குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் வீதம் கம்பியில் போவது 15 பைட். நீளம் 5 என்று எழுதி அனுப்பினால் சர்வருக்குக் கிடைப்பது ஒரு முழு 'த'வும் 'ம'வில் மூன்றில் இரண்டு பங்கும். ஆங்கிலத்தில் 'ஹலோ' என்று சோதித்தவருக்கு இந்தப் பிழை கடைசி வரை தெரியவராது.

இதெல்லாம் லேப் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 2009இல் வெளியான ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் கருவி செய்ததே அந்த வெற்றுவரியை அனுப்பாமல் இழுத்தடிப்பதுதான். நூற்றுக்கணக்கில் இணைப்புகளைத் திறந்து, அவ்வப்போது ஒரு தலைப்புவரியை மட்டும் சொட்டவிடும். முடிவுக்காகக் காத்தே அப்பாச்சி சர்வரின் இடமெல்லாம் நிரம்பிவிடும். ஒரு சாதாரணக் கணினி ஒரு தளத்தையே முடக்கிவிடலாம். கோரிக்கை எங்கே முடிகிறது என்பதில் முன்னால் நிற்கும் சர்வரும் பின்னால் நிற்கும் சர்வரும் வேறுபட்டால், அந்த இடுக்கில் இன்னொரு கோரிக்கையைக் கடத்தலாம் என்று வாட்ச்ஃபயர் நிறுவன ஆய்வாளர்கள் 2005இல் எழுதினார்கள். 2019இல் ஜேம்ஸ் கெட்டில் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அதே ஓட்டை பெரிய தளங்களில்கூட இருப்பதைக் காட்டினார்.

வேலைக்குப் போனால் யார் இப்படி எழுதப்போகிறார்கள் என்று கேட்பார்கள். யாரும் எழுதக்கூடாது என்பதே பதில். ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பர்க் 1998 முதல் செதுக்கிவரும் கர்ல் போன்ற கருவி இருக்கும்போது சொந்தச் சரக்கை வாடிக்கையாளரின் தலையில் கட்டுவது வீம்பு. மறையாக்கம், வழிமாற்றம், துண்டு துண்டாக வரும் பதில் என்று அதில் ஆயிரம் சிக்கல். 2015இல் வந்த ஹெச்டிடிபி/2 எழுத்து வடிவத்தையே விட்டு பைனரிக்குப் போய்விட்டது. ஆனால் லைப்ரரியைச் சரியாகப் பயன்படுத்தவும் அடியில் நடப்பது தெரிந்திருக்க வேண்டும். பைதானின் புகழ்பெற்ற ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில், காத்திருப்பு நேரத்தை நாமாகக் குறிப்பிடாவிட்டால் அது காலவரம்பில்லாமல் காத்திருக்கும். கர்சர் சிமிட்டுவதை ஒருமுறை பார்த்து முழித்தவர் அந்த வரம்பை மறக்க மாட்டார்.

இறுதியாண்டு புராஜெக்ட்டில் சிம்800 என்ற ஜிஎஸ்எம் மாட்யூலை வைத்து மோட்டார் பம்ப் கட்டுப்பாடு செய்யும் மாணவர்களுக்கு இது நேரடித் தேவையே. அந்த மாட்யூலுக்கு ஏடி கட்டளை கொடுத்து டிசிபி இணைப்பைத் திறந்தால், கோரிக்கையின் வரிகளை அவர்கள்தான் ஒவ்வொரு எழுத்தாக அனுப்ப வேண்டும். லேபில் காப்பியடித்த பயிற்சி அங்கே வட்டியோடு திரும்பி வரும்.

இப்போது ஏஐயிடம் கேட்டால் இந்தப் புரோகிராமை நொடியில் எழுதிக் கொடுத்துவிடும், அந்த மேனுவலைவிடச் சரியாகவே கொடுக்கும். ஆகவே எழுதச் சொல்வதோடு நிறுத்துவதில் இனி பொருளில்லை, எழுதியதைக் கலைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வரும் எக்ஸ்டர்னல்கள் வைவாவில் 'சாக்கெட் என்றால் என்ன' என்று கேட்பதை இந்த செமஸ்டரோடு விட்டுவிடலாம். வெற்றுவரியை நீக்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், ஏன் நின்றது என்று கேளுங்கள். 'தமிழ்' என்ற சொல்லை அனுப்பி நீளத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். துறைத் தலைவர்கள் அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: 4000ஆம் போர்ட்டுக்குப் படம் அனுப்பும் அந்த விடை தங்கள் மேனுவலில் இருந்தால் அந்தப் பக்கத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.