உரசிப் போகும் புரோட்டான்கள்

புரோட்டான் என்றால் நம் நாட்டில் கார்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டானைப் பற்றி.

ஜெனிவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிடப்படுகின்றன. மாலை நேரத்துக் கே.எல். சென்ட்ரல் கூட்டம்போல, பெரும்பாலானவை தோள் உரசி, சில துகள்களைச் சிதறவிட்டுப் போய்விடும். இது மென் மோதல். அரிதாக, உள்ளிருக்கும் குவார்க்குகளோ குளுவான்களோ நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். அது வன் மோதல். 2012-இல் அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் துகள் வன் மோதலில் கிடைத்ததுதான். அதுவும் நூறு கோடி மோதலுக்கு ஒன்று என்ற அளவில்.

மாணவர்கள் ஹிக்ஸைப் பற்றியே கேட்கிறார்கள். எனக்கு மென் மோதல்தான் சுவையானது. வன் மோதலைப் பெருமளவு கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடலாம். மென் மோதலிலோ குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் விசை மிக வலுத்துவிடுவதால் அந்தக் கணக்குமுறை செல்லாது. அளந்து பார்த்து, மாதிரிகளைத் திருத்தித் திருத்தித்தான் நகர வேண்டும். செர்னின் சி.எம்.எஸ். குழு 2010-இல் வெளியிட்ட முதல் மோதல் ஆய்வுக் கட்டுரையே இத்தகைய சாதாரண மோதல்களில் வெளிவந்த துகள்களை அளந்ததுதான்.

படிவம் 4-இல் இயற்பியல் எடுக்கத் தயங்குபவர்கள் வேறு எந்தக் காரணமும் சொல்லுங்கள்; ‘எல்லாவற்றையும்தான் கண்டுபிடித்துவிட்டார்களே’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சி.எம்.எஸ். குழுவில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் தேசியத் துகள் இயற்பியல் மையமும் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு, கே.எல். சென்ட்ரலிலிருந்து எல்.ஆர்.டி.யில் நான்காவது நிலையம். கிள்ளானிலிருந்து வருபவர்கள் அப்துல்லா ஹுக்கூமில் மாறிக்கொள்ளலாம்.