அளந்து எழுதுங்கள், அறிந்து ஒப்பமிடுங்கள்



ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால், தாம்பரத்தைச் சுற்றி வாழும் மக்கள் வானத்தை நோக்கியவாறே நாட்களைக் கழிக்கின்றனர். காரணம் உண்டு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளின் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்பகுதிகள் மீண்டும் வெள்ளத்தைக் கண்டன.

வெள்ளம் வடிந்தபின் வீட்டைக் கழுவ அண்டை வீட்டாரும் உறவினரும் வருவர். காப்பீடு செய்திருப்போருக்கு அதன்பின் வேறொரு வேலை காத்திருக்கிறது. அதுவே இழப்பீட்டுக் கோரிக்கை. படிவங்களைக் கண்டு மலைத்து நிற்கும் வேளையில், “நான் முடித்துத் தருகிறேன், வருகிற தொகையில் எனக்கு ஒரு பங்கு கொடுத்தால் போதும்” என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பார். அவரை அமர்த்தலாமா? இத்திங்கள் இதனைச் சிந்திப்போம்.

அமெரிக்க நாட்டில் இதற்கென்றே ‘பப்ளிக் அட்ஜஸ்டர்’ என்னும் தொழில் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பாக அன்றி, வீட்டுக்காரரின் சார்பாக இழப்பைக் கணக்கிட்டு வாதாடுபவர் அவர். அவருக்கு அரசு உரிமம் வேண்டும். ஊதியத்திற்கும் பல மாநிலங்களில் வரம்பு உண்டு. பேரிடராக அறிவிக்கப்பட்ட நிகழ்வின் இழப்புக்கு முதலாண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் பெறலாகாது என்பது ஃபுளோரிடா மாநிலச் சட்டம்.

நம் நாட்டின் ஏற்பாடு வேறு. இங்கே இழப்பை மதிப்பிட வருபவர் சர்வேயர். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டப்படி, அவர் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் பெற்றவராய் இருத்தல் வேண்டும். அவரை நியமிப்பதும் அவருக்கு ஊதியம் தருவதும் காப்பீட்டு நிறுவனமே. வீட்டுக்காரர் அவருக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை. எனினும் அவர் நடுநிலை பிறழாது மதிப்பிடக் கடமைப்பட்டவர். அவரது அறிக்கையே இறுதித் தீர்ப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிரதீப் குமார் வழக்கில் தெளிவாக்கியுள்ளது.

பங்கு கேட்டு வரும் தரகருக்கோ நம் நாட்டில் அத்தகைய தனி உரிமமும் இல்லை, ஊதிய வரம்பும் இல்லை. கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று இலட்சம் ரூபாய் இழப்பீடு கிடைத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தால் அறுபதாயிரம் போய்விடும். அத்தொகையை நிறுவனம் தனியே தராது. ஊறிப்போன கதவுக்கும் உதிர்ந்துபோன பூச்சுக்கும் வைத்த பணம் அது.

இன்னுமொரு ஆபத்தும் உண்டு. தொகை பெருகப் பெருகத் தம் பங்கும் பெருகும் என்பதால், வீட்டில் இல்லாத தொலைக்காட்சிப் பெட்டியையும் சிலர் பட்டியலில் எழுதத் துணிவர். எழுதும் கை அவருடையது. ஒப்பமிடும் கை உங்களுடையது. பொய்க் கோரிக்கை என்று தெரியவந்தால் உண்மையான இழப்புக்குரிய உரிமையும் பறிபோகும். பிறர் சொல்லக் கேட்டு எழுதிய ஒரு பொய்யால் பிள்ளைகள் உறங்கும் கூரையை இழக்கலாமா?

ஆகவே, நம்மால் ஆவதை நாமே செய்வோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். ஆறே வீட்டுக்குள் வந்தபின்னும் அளக்கத்தான் வேண்டும். சுவரில் நீர் நின்ற கோட்டைப் படமெடுங்கள். சேதமான பொருள்களைச் சர்வேயர் காணுமுன் எறிந்துவிடாதீர்கள். அழுகுவனவற்றைப் படமெடுத்தபின் அகற்றுங்கள். நிறுவனத்திற்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். கட்டடச் சேதத்திற்குத் தகுதி பெற்ற பொறியாளர் ஒருவரிடம் செலவு மதிப்பீடு பெறுங்கள். அவருக்குத் தருவது வேலைக்குரிய கூலி, இழப்பீட்டில் பங்கன்று. உரிமம் பெற்ற காப்பீட்டுத் தரகு நிறுவனத்தின் வழியாகப் பாலிசி எடுத்திருந்தால், கோரிக்கைக்கு உதவுவதும் அந்நிறுவனத்தின் கடமையே.

வீட்டுக்கடன் பெற்றோர் ஒன்றை மறவாதீர்கள். வங்கி உங்களுக்கென எடுத்த பாலிசி அதன் கோப்பில் உறங்கிக் கிடக்கக்கூடும். நகலைக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்திற்கு மட்டுமா, வீட்டுப் பொருள்களுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் வெள்ளமும் புயலும் அடங்கும். கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 விழுக்காடு வரை, பத்து இலட்சத்திற்கு மிகாமல், வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு உண்டு.

நிறுவனம் குறைத்துக் கொடுத்தால் என் செய்வது? முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டதாகக் கூறும் வவுச்சரில் அவசரப்பட்டு ஒப்பமிடாதீர்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு, எதனை ஏன் குறைத்தார் எனப் பாருங்கள். மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள். ஒரு மாதத்திற்குள் விடை இல்லையெனினும், வந்த விடை நிறைவளிக்கவில்லையெனினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். அவரது சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் செல்ல வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படிக்க இயலாத முதியவரும், கணவரை இழந்து தனித்து வாழும் பெண்மணியும் இவற்றையெல்லாம் எங்ஙனம் செய்வர்? இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது. உங்கள் தெருவில் படித்த இளைஞர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அவர்களுக்குப் படிவத்தை வாசித்துக் காட்டி, உள்ளதை உள்ளவாறே எழுதிக் கொடுத்தால் போதும். தரகரின் பங்காகப் போகவிருந்த தொகை அவ்வீட்டுக் கதவாக நிற்கும். மழை வருமுன்னே அத்தகைய வீடு எதுவென்று இன்றே கேட்டறியுங்கள்.