தோசைக்குச் 'சுடு', பிரௌனிக்கு 'பேக்'

அன்புக்குரியோருக்காக வீட்டில் பிரௌனி செய்வது நல்ல வழக்கம். சாக்லேட்டும் வெண்ணெயும் மிகுத்து, மைதாவைக் குறைத்து, நடுப்பகுதி சற்றே ஈரமாயிருக்கும்போது ஓவனிலிருந்து எடுக்கும் பக்குவம் எளிதன்று. எனினும் அச்செயலைக் குறிக்க நாம் ஆளும் வினைச்சொல் சிந்தனைக்குரியது.

தோசையைச் 'சுடுகிறோம்', பிரௌனியை 'பேக்' செய்கிறோம். இங்கு ஐதராபாத்தில் தெலுங்கு பேசுவோரும் தோசைக்கு 'வேயு' என்னும் தம் வினையை ஆள்கின்றனர். பிரௌனிக்கு அவர்களுக்கும் 'பேக்'தான். தோசைக்கல்லின் அடிவெப்பம் வேறு, ஓவனின் சூழ்வெப்பம் வேறு என்று இதற்குக் காரணம் கூறலாம். ஆனால் கல்லில் வேகும் தோசைக்கும் எண்ணெயில் வேகும் வடைக்கும் ஒருங்கே பொருந்தும் 'சுடு', பிரௌனிக்கு மட்டும் பொருந்தாதா? பேக்கரிக்கு 'அடுமனை' என்று பெயரிட்ட மொழிக்குச் சொற்பஞ்சமும் இல்லை.

வேறுபாடு நாம் தரும் மதிப்பில் உள்ளது. 'பேக்' செய்தவரின் கைத்திறனைப் படமெடுத்துப் பகிர்ந்து பாராட்டுகிறோம். நாள்தோறும் தோசை சுடும் தாயின் உழைப்பைக் கடமை என்று கடந்துவிடுகிறோம்.

கடன்சொல் இருந்துவிட்டுப் போகட்டும். பிரௌனியை அன்பின் கொடையாகக் காணும் கண் தோசையையும் அவ்வாறே காண வேண்டும். வீட்டு உழைப்பை ஆய்வோர் இவ்வினைச்சொற்களையும் தரவாகக் கொள்ளலாம். யாருடைய உழைப்பை நாம் காண மறுக்கிறோம் என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.