மௌனம் பணிவாகுமா?

பிரித்தானியாவில் நோயோடும் ஊனத்தோடும் வாழும் தமிழர் வீடுகளில், பழுப்பு நிற உறையொன்று வாசலில் விழுந்தால் அன்றைய சோறு தொண்டையில் இறங்குவதில்லை. அரசின் நலத் திணைக்களக் கடிதங்கள் அத்தகைய உறையிலேதான் வருகின்றன. 2025ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவருக்கு அப்படியொரு கடிதம் வந்தது. பக்கவாதத்தால் இடப்புறம் தளர்ந்துபோன அவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் அதை நம்மிடம் நீட்டினார். அவர் பெற்றுவந்த உதவித்தொகை குறைக்கப்பட்டிருந்தது. இதை எதிர்த்துக் கேட்பதா, விட்டுவிடுவதா என்பதே அவருடைய கேள்வி.

அந்த உதவித்தொகையை ஆங்கிலச் சுருக்கத்தில் 'பிப்' என்பர். உழைக்கும் வயதினருக்கென்று முன்பிருந்த ஊனமுற்றோர் கொடுப்பனவுக்குப் பதிலாக 2013இல் அது அறிமுகமாயிற்று. வருமானத்தையோ சேமிப்பையோ பார்த்து அது வழங்கப்படுவதில்லை. அன்றாட வாழ்வுக்குப் பத்து, நடமாட்டத்துக்கு இரண்டு எனப் பன்னிரண்டு செயல்களில் ஒருவருக்குள்ள இயலாமை புள்ளிகளால் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு பிரிவிலும் 8 புள்ளி பெற்றால் சாதாரணத் தொகை. 12 பெற்றால் உயர்தொகை.

நம் அன்பர் இருபது மீற்றருக்கு மேல் நடக்க இயலாதவர் என்று முன்னர் 12 புள்ளி பெற்றிருந்தார். ஊன்றுகோலின் துணையோடு இருபது மீற்றருக்கு மேல், ஐம்பது வரை நடக்கக் கூடியவர் என்று புதிய கடிதம் 10 புள்ளி தந்தது. குறைந்தது இரண்டே புள்ளி. ஆனால் 2025–26 நிதியாண்டின் கணக்குப்படி, நடமாட்டத்துக்காக வாரந்தோறும் கிடைத்த 77.05 பவுண் 29.20 பவுணாகச் சுருங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,490 பவுண் இழப்பு. அந்த உயர்தொகையைக் கொண்டு வாடகைக்கு எடுத்திருந்த வாகனத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அவரைக் கொண்டுசென்ற வாகனம் அது.

முற்றத்தில் கூடிநின்றோர் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "அண்ணை, கிடைக்கிறதே பெரிது. இதைக் கிளறப்போய் உள்ளதையும் இழந்துபோடாதேங்கோ" என்றார் ஒருவர். இடம் தந்த நாட்டோடு வழக்காடுவது நன்றிகெட்டதனம் என்றார் மற்றொருவர். நம்மைவிடத் துன்பப்படுவோர் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்றார் வேறொருவர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: நாமும் முதலில் அதையேதான் சொன்னோம். வீட்டுக்கு வந்த பிறகே நம் சொல் நம்மைச் சுட்டது.

கிடைத்ததே பெரிது என்பது பிச்சை பெறுபவனுக்குச் சொல்லும் வார்த்தை. இது பிச்சையன்று; பாராளுமன்றம் இயற்றிய சட்டம் வகுத்த உரிமை. அந்தச் சட்டமே, முடிவு தவறென்று கருதுபவர் கேள்வி கேட்கவும் வழி வகுத்திருக்கிறது. சட்டம் திறந்துவைத்த கதவைத் தட்டுவது எவ்வாறு நன்றிகெட்டதனமாகும்? இருபது ஆண்டுகளுக்கு மேல் இரவுப்பணி செய்து வரி செலுத்தியவர், உண்மையைச் சொல்லவும் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்றவர் மறுபரிசீலனை கேட்பதனால் அந்த உரிமை பறிபோகும் என்ற பேச்சும் வெறும் பயமே. துன்பப்படுவோர் வேறு பலர் உண்டு என்பது மெய்தான். ஆயினும் இவர் இழந்த தொகை அவர்களுடைய பசியை ஆற்றப் போவதில்லை.

மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெற்று, அவரோடு அமர்ந்து வாசித்தோம். தவறு எங்கே நேர்ந்தது என்பது அப்போது விளங்கிற்று. கேள்வி கேட்டவரிடம் அவர், "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்று சொல்லியிருக்கிறார். உடனிருந்த மகனும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். அறிக்கையில் அது 'சமாளிக்கிறார்' என்று பதிவாயிற்று. நம் மொழியில் அச்சொல் ஒரு மரியாதை. கேட்பவரின் மனம் நோகாதபடி நம் துயரத்தின்மேல் நாம் போர்த்தும் துணி. அந்த அலுவலகத்திலோ அது சான்றாகிவிட்டது. வாசலிலிருந்து வாகனம் வரை நடப்பதற்கு இடையில் எத்தனை முறை நிற்கிறார், நடந்தபின் எவ்வளவு நேரம் அமர்ந்திருக்கிறார், எத்தனை தடவை விழுந்திருக்கிறார் என்பவையெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் புதைந்துபோயின.

விதிகளோ இவற்றைத்தான் கேட்கின்றன. ஒரு செயலை ஒருவரால் ஒருமுறை எப்படியோ செய்ய முடிந்தது என்பது போதாது. பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க விதத்திலும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பவும், நலமுள்ளவர் எடுக்கக்கூடிய நேரத்தின் இருமடங்குக்கு மேற்படாமலும் செய்ய முடிகிறதா என்பதே அளவுகோல். இதை அறியாமல் 'நடக்கிறேன்' என்று சொல்பவர் பணிவினால் தம் வழக்கைத் தாமே தோற்கடிக்கிறார்.

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு முறையிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. உடல்நிலை மெய்யாகவே தேறியிருந்தால் குறைப்பை ஏற்பதுதான் நேர்மை. மறுபரிசீலனையிலும் தீர்ப்பாயத்திலும் தொகை உயரலாம், மாறாதிருக்கலாம், மேலும் குறையவும் கூடும். தீர்ப்பு வரப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவே கடிதத்தின் புள்ளிப் பட்டியலை வரிவரியாகப் பார்க்க வேண்டும். இழந்த புள்ளிக்கு நம்மிடம் என்ன சான்று உண்டு, பெற்ற புள்ளிகளில் எது ஆட்டங்காணும் என்று நலஉரிமை ஆலோசகர் ஒருவரிடம் கேட்டறிய வேண்டும். அதன் பின்னரே முடிவெடுக்க வேண்டும். ஆனால் அந்த முடிவைக் கணக்கும் மனச்சாட்சியும் எடுக்கட்டும். வெட்கமும் பயமும் எடுக்க வேண்டா.

காலக்கெடுவும் சிறிது. கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள், முடிவெடுத்த திணைக்களத்திடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் பிந்தியும் கேட்கலாம். அதில் நியாயம் கிடைக்காவிடில் மேலும் ஒரு மாதத்துக்குள் சுயாதீனத் தீர்ப்பாயத்தை நாடலாம். அதற்குக் கட்டணமில்லை, மொழிபெயர்ப்பாளரையும் இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பெற்ற பிள்ளையைத் தகப்பனின் இயலாமைக்குச் சாட்சியாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் ஒருங்கே நிறுத்தும் கொடுமை தேவையில்லை.

இந்த இரட்டைப் படியைத்தான் நாம் கடுமையாகக் குறைகூறுகிறோம். தவறிழைத்தவரிடமே முதலில் போய்த் திருத்தம் கேட்க வேண்டும் என்பது 2013இல் வந்த ஏற்பாடு. நோயாளி முதற்படியிலேயே களைத்துத் திரும்பிவிடுகிறார். ஆனால் களைக்காமல் தீர்ப்பாயத்தின் விசாரணை வரை சென்றவர்களின் வழக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை பல ஆண்டுகளாக அவர்களுக்குச் சார்பாகவே முடிந்துள்ளன. அப்படியானால் பிழை முறையிடுவோரிடத்திலா, முடிவெடுப்போரிடத்திலா? நம் மௌனம் அந்தப் பிழைக்கு நாம் இடும் கையொப்பம் அன்றோ?

ஒருவர் கேட்பதால் பலர் பயன்பெற்றதும் உண்டு. மனத்துயரினால் தனியே பயணம் செய்ய இயலாதோரை உயர்புள்ளிகளிலிருந்து விலக்கும் விதியொன்றை அரசு 2017இல் கொண்டுவந்தது. பெண் ஒருவர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அவ்விதி பாரபட்சமானது, சட்டத்துக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. மேன்முறையீடு செய்யப் போவதில்லை என்று 2018 ஜனவரியில் அறிவித்த அரசு, ஏறத்தாழ 16 லட்சம் பேரின் கோப்புகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. அவரும் கிடைத்ததே பெரிது என்று இருந்திருந்தால்?

நம் அன்பர் இறுதியில் மனுவை எழுதினார். சமாளிக்கிறேன் என்ற சொல் அதில் இல்லை. வாசற்படியில் இறங்குவதற்குள் இரண்டுமுறை நிற்பதை எழுதினார். குளியலறையில் விழுந்ததை எழுதினார். மகனுக்கு மறைத்துவைத்திருந்த வலியையும் எழுதினார். அதை வாசித்துவிட்டு மகன் நெடுநேரம் பேசவில்லை. இதை எழுதும் வேளையில் முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், தம்மைப் பற்றி எழுதப்பட்ட ஒரு பொய்க்கு அவர் தலையாட்டவில்லை. கோயில் முற்றத்தில் புத்தி சொல்லும் நாம் இனியாவது, "விட்டுவிடுங்கோ" என்று சொல்லுமுன் அந்தக் கடிதத்தை வாங்கி ஒருமுறை முழுவதும் வாசிப்போமாக.