முழுப்பேர் வேண்டும்

ராகலையில் நாம் கற்பிக்கும் வகுப்பில் ஒருநாள் மாணவர்க்கு ஒரு சிறு பயிற்சி கொடுத்தோம். தம் பெயர், பெற்றோர் பெயர், பாட்டன் பாட்டியர் பெயர் ஆகியவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் தெரிந்த பொருளையும் எழுத வேண்டும் என்பது அது. தம் பெயருக்கு நேரே பலர் 'இறைவனின் ஒளி' என்றும், 'வெற்றியின் சிகரம்' என்றும் தயங்காமல் எழுதினர். அப்பொருள் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால், பெயர் குறித்துக் கொடுத்தவரின் கடதாசியில் அப்படித்தான் இருந்தது என்றனர். எந்த அகராதியைப் புரட்டியும் அச்சொற்கள் நமக்கு அகப்படவில்லை. ஒரு மாணவி மட்டும் பாட்டியின் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். காரணம் கேட்டோம். "சொன்னால் சிரிப்பார்கள், சேர்" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: மூக்காயி.

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மூக்காயி என்றால் என்ன பொருள்? முன் பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துவிட, பின் பிறந்த பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்றும் மூக்காயி என்றும் பெயரிடுவது தமிழகக் கிராமங்களின் வழக்கம். பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பாயி என்று அழைப்பதும், பிறர் கையில் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்கித் தவிடன் என்பதும், பிச்சை என்பதும் அவ்வழக்கின் வகைகளே. 'இது விலைபெறாத பொருள். இதையாவது விட்டுவிடு' என்று சாவிடம் தாய் சொன்ன பொய் அது. மருந்தும் மருத்துவரும் எட்டாத இடத்தில் அந்த ஏழையின் கையில் இருந்த ஒரே ஆயுதம் ஒரு பெயர்தான். அந்தப் பொய் பலித்ததனாலன்றோ அவள் பேத்தி இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறாள்! இதைக் கேட்டுச் சிரிக்கும்படி நம் பிள்ளைகளைப் பழக்கியவர் யார்?

கருப்பையா, முனியாண்டி, வீராயி, பழனியாண்டி, மருதை என்ற பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். கடல் கடந்து வந்த நம் முன்னோர் தம் ஊரையும் ஊர்காத்த தெய்வத்தையும் பெயராகச் சுமந்து வந்தனர். மூட்டையைப் பறிக்கலாம், பெயரைப் பறிக்க முடியாது என்று நம்பினர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலால் 'பெயரன்'. அதுவே பேரன் ஆயிற்று. துரைமாரும் தம் ஊரைப் பெயரில் கொண்டுவந்தார்கள். நம் பக்கத்து லிடெஸ்டேல் தோட்டத்தின் பெயர் ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர். அதைச் சொல்ல எவரும் கூசுவதில்லை. மருதை என்று சொல்லத்தான் நமக்கு நாக்குக் கூசுகிறது!

இந்தக் கூச்சம் தானாகப் பிறந்ததா? இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த தொழிலாளியிடம் ஒரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதில் தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் இருந்தன, பெயர் இல்லை. தோட்டத்துச் செக்றோலில் பெயர் ஏறியபோதும், கணக்கப்பிள்ளையின் காதில் விழுந்தது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, வேறோர் அலுவலகத்தில் சிங்களத்துக்கு மாறி, மீண்டும் தமிழுக்கு வந்தபோது லெட்சுமி லெச்சிமியானாள், இராமாயி ராமியானாள். நம் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கே இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நாள் வேலையின் முழுச் சம்பளம் ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். நாள் முழுவதும் மலையேறிய ஒரு முழு மனுஷிக்கு அரைப்பேர் என்று எழுதும் கணக்கு உலகில் வேறெங்கு உண்டு?

அந்த எழுத்துப் பிழைகள் வெறும் எழுத்துப் பிழைகளாக நிற்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கும் பாட்டனின் பிறப்புக்கும் சான்று கேட்டது. ஒரு பத்திரத்தில் முத்துசாமி, மற்றொன்றில் முத்தையா என்றிருந்தவன் தானே தான் என்பதை எப்படி நிறுவுவான்? 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. 1964 ஒக்டோபர் 30 இல் இரண்டு அரசுகள் நம்மைத் தலை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன. நாடற்றிருந்தோர்க்கு வழி திறந்த இறுதிச் சட்டம் வர 2003 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பெயர் என்பது நம்மவர்க்கு அலங்காரமாக ஒருநாளும் இருந்ததில்லை. அது காணி, அது வாக்கு, அது நாடு.

இத்தகைய மக்களிடந்தான் இன்று பெயர் வியாபாரி வந்து கடை விரிக்கிறான். அவன் சரக்கின் யோக்கியதையைச் சற்றே பார்ப்போம். எண் சாத்திரக்காரர் ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டுவரை எண் கொடுத்துக் கூட்டுகிறார். இம்முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கீரோ என்ற புனைபெயரில் எழுதிய ஓர் ஐரிஷ்காரர். 1936 இல் இறந்தவர். ஆக, ராகலை லயத்தில் பிறந்த தமிழ்க் குழந்தையின் விதி தமிழ் எழுத்தில் இல்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் இருக்கிறது! நட்சத்திர எழுத்துக்காரர் கதையும் இதுவே. அத்தத்துக்குச் சொல்லும் எழுத்துகளில் ணகரமும் டகரமும் உண்டு. அவை தமிழில் சொல்லுக்கு முதலாகா என்பதை நம் எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். இவற்றுக்கு இணங்க ஒலிகளை ஒட்டி வெட்டிப் பிறப்பவைதாம் டிலக்ஷன், டினுஷன், கஜீபன் முதலியவை. ஒலி முந்திப் பிறக்கிறது. 'பொருள்' பின்னால் கற்பிக்கப்படுகிறது.

பெற்றோரை நாம் பழிக்கவில்லை. கொழும்புக் கடையில் வேலை கேட்டுப் போகும் பையன் தன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் 'தோட்டத்துப் பையனா?' என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியிலிருந்து பிள்ளையைக் காக்கவே தாய் புதுப் பெயர் தேடுகிறாள். மூக்காயியின் தாய் சாவை ஏய்த்தாள். இந்தத் தாய் இளக்காரத்தை ஏய்க்கப் பார்க்கிறாள். அன்பு ஒன்றே. ஆனால் குற்றம் பெயரில் இல்லை, கேட்பவன் காதில் இருக்கிறது. முகவரியும் தொழிலும் மாறாதிருக்க, பெயரை மட்டும் மாற்றி இளக்காரத்தை வென்றவர் யார்?

பழைய பெயர் அனைத்தும் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்பிள்ளை பிறந்தது போதும் என்ற சலிப்பில் போதும்பொண்ணு என்று ஒரு சிசுவின் தலையில் சுமத்தினார்களே, அது ஒழியத்தான் வேண்டும். சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்று மனுவின் நூல் விதித்ததையும் நாம் மறக்கவில்லை. வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்டவரின் தமிழுணர்வையும், 1953 இல் தம் மகனுக்கு ஸ்டாலின் என்று பெயரிட்ட தந்தையின் அரசியலையும் மதிக்கிறோம். அவர்களுக்குத் தாம் என்ன செய்கிறோம் என்பது தெரிந்திருந்தது. மாற்றம் தெளிவிலிருந்து வரட்டும். வெட்கத்திலிருந்து வர வேண்டாம்.

அபூர்வமான பெயர்தான் வேண்டுமென்றால் தமிழில் அதற்குக் குறைவில்லை. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார் என்ற குறுந்தொகைப் புலவர்களின் பெயர்களைவிட அபூர்வமானவை எவை? அவை அவர்கள் பெற்றோர் வைத்தவை அல்ல. பாடிய பாட்டின் தொடரே அவர்களுக்குப் பெயராயிற்று. கோவிந்தன் என்ற பெயரில் அபூர்வம் ஏதுமில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் பொலிஸாரின் குண்டுக்கு இரையான தொழிலாளி அதற்கு ஒரு பொருளைத் தந்துவிட்டுப் போனான். லெட்சுமணன் என்பதும் லயத்துக்கு லயம் கேட்கும் பெயர். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் காணிப் பறிப்பை எதிர்த்து நின்று உயிர் துறந்த சிவனு லெட்சுமணனுக்குப் பின் மலையகத்தில் அப்பெயர் வெறும் பெயராக ஒலிப்பதில்லை. பெயருக்குப் பொருள் தருவது அதைத் தாங்கியவரின் வாழ்க்கை. கடதாசிக்காரனால் அதை எழுதித் தர இயலாது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நாம் செய்யக்கூடியவை சில உண்டு. குழந்தைக்குப் பெயரிடுமுன் பணம் வாங்குபவனிடம் போகாமல், வீட்டு மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் போகச் சொல்லுங்கள். வைக்கும் பெயர் எதுவாயினும் பிறப்புப் பத்திரத்திலும், பாடசாலை இடாப்பிலும், அடையாள அட்டையிலும், மூன்று மொழியிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்; அந்தப் பிழைக்கு நம் மக்கள் ஒருமுறை நாட்டையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் ஒரு பெயரைக் கேட்டுச் சிரிப்பு எழுந்தால், பாடத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெயரைப் பாடமாக்குங்கள். நாம் அன்று அதைத்தான் செய்தோம். மணி அடித்த பின்பும் பிள்ளைகள் எழவில்லை; தத்தம் பாட்டிமாரின் பெயர்களை ஒவ்வொருவராக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செக்றோலில் ஆகட்டும், இடாப்பில் ஆகட்டும், இந்த நாட்டின் வரலாற்றில் ஆகட்டும், அரைப்பேருடன் இனி நாம் அடங்கப் போவதில்லை. முழுப்பேர் வேண்டும்.