பத்துமணிப் பூவும் கைராசியும்

காலை வெயில் ஏறிப் பத்து மணி ஆகும் சமயத்தில் இதழ் விரித்து, மாலைக்குள் சுருங்கிவிடும் சிறு புஷ்பம் ஒன்று உண்டு. அதற்குப் பத்துமணிப் பூ என்று நம் ஸ்திரீகள் பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மலையாள நாட்டிலும் இதே பெயர்தான். கடல் கடந்த வியட்நாம் தேசத்தின் பாஷையிலும் இதற்குப் 'பத்து மணி' என்றே பெயர். கடிகாரம் அறியாத செடிக்கு இத்தனை தேசத்தார் ஒரே நேரத்தைப் பெயராகச் சூட்டியிருப்பது வேடிக்கையல்லவா?

இந்தப் பூவின் காரணமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு சகோதரிக்கு மனத்தாங்கல் ஏற்பட்டிருக்கிறது. மூன்று தடவை நட்டாராம். ஒரு செடி இலையும் தண்டுமாக நீண்டதே தவிரப் பூக்கவில்லை. மற்ற இரண்டும் அழுகிப் போயின. "உன் கைக்கு ராசி இல்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் பாலிகை தெளிக்கவும் இப்பொழுது அவரைக் கூப்பிடத் தயங்குகிறார்களாம்!

நல்ல வேளையாக, செடி இருந்த இடத்தையும் அவர் எழுதியிருக்கிறார். தாழ்வாரத்து நிழலில் தொட்டி. காலையும் மாலையும் தவறாமல் ஒரு செம்பு ஜலம். ஆகவே, குற்றம் அவருடைய கையில் இல்லை. நிழலிலும் ஜலத்திலுமே இருக்கிறது என்று நாம் தைரியமாகச் சொல்லுவோம்.

இச்செடியின் பிறந்தகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டீனா, பிரேஸில், உருகுவே ஆகிய தேசங்களில் இயற்கையாக வளர்வது. 1829-ஆம் ஆண்டில் வில்லியம் ஜாக்ஸன் ஹூக்கர் என்னும் தாவர சாஸ்திரி இதை வர்ணித்து விஞ்ஞானப் பெயர் சூட்டினார். நாம் மசியல் செய்து உண்ணும் பருப்புக்கீரை இதற்குப் பங்காளி. இலைகளைக் கிள்ளிப் பாருங்கள்: உருண்டு, தடித்து, உள்ளே ஜலம் நிரம்பியிருக்கும். வறட்சி வந்தால், இரவில் தன்னுள் உண்டாகும் கரியமில வாயுவைக் கூட வீணாக்காமல் சேர்த்து வைத்து, பகலில் உணவாக்கிக் கொள்ளும் சிக்கனம் இதற்கு உண்டு. இவ்வளவு கெட்டிக்காரச் செடிக்கு நாள்தோறும் இரு வேளை ஜலம் வார்த்தால், வேர் மூச்சு முட்டி அழுகாமல் வேறென்ன செய்யும்?

வளர்க்கும் முறை எளிது. அகலமான, ஆழமில்லாத சட்டி போதும். அடியில் துவாரம் இருக்க வேண்டும். அதன் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லை வையுங்கள். செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கின சாண எரு அரைப் பங்குக்கு மிகாமல் சேருங்கள். எரு மிகுந்தால் இலை பெருகும், பூ குறையும். 2 அல்லது 3 அங்குல நீளத் தண்டைக் கிள்ளி, அடி இலைகளை நீக்கி, ஓர் அங்குலம் மண்ணில் ஊன்றுங்கள். இரண்டு வாரத்திற்குள் வேர் பிடித்துவிடும். விதை போடுவதானால் மண்ணால் மூட வேண்டாம். மேலே தூவி லேசாக அழுத்தினால் போதும். அது முளைக்க வெளிச்சம் வேண்டும்.

பிறகு சட்டியை மொட்டை மாடியிலோ முற்றத்திலோ, நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடத்தில் வையுங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாவிட்டால் மாத்திரம் ஜலம் விடுங்கள். குடிநீருக்கே குடத்துடன் காத்திருக்கும் கோடையிலும் இந்தப் பூவுக்காக எவரும் மனம் நோக வேண்டியதில்லை. தண்டு நீண்டு வெறுமையானால் நுனிகளைக் கிள்ளி வேறு சட்டியில் ஊன்றுங்கள். இது ஒரு பருவத்துச் செடி. இப்படிப் புதுப்பித்தால் வீட்டை விட்டுப் போகாது.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்தில் குடியிருக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. மூடுபனியும் மேகமும் கவிந்த நாளில் மொட்டுகள் விரியாமலே இருந்துவிடும். அடிவாரத்தில் கோமுகி அணைப் பக்கத்து வீடுகளிலும் ஐப்பசி அடைமழையில் இதே கதைதான். மழைக் காலத்தில் சட்டியைச் சாரல் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றினால் தண்டாவது பிழைக்கும்.

ராசியைப் பற்றி இன்னும் சந்தேகமுள்ள வீடுகளுக்கு ஒரு பரீட்சை சொல்லுகிறோம். பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். ஒரே செடியிலிருந்து இரண்டு தண்டுகளைக் கிள்ளுங்கள். ராசிக் கை என்று பெயரெடுத்த பெரியவர் ஒன்றை நட்டுத் தாழ்வாரத்து நிழலில் வைத்து, தினம் இரு வேளை ஜலம் விடட்டும். ராசியில்லை என்று ஒதுக்கப்பட்டவர் மற்றொன்றை நட்டு வெயிலில் வைத்து, மண் காய்ந்த பிறகே ஜலம் விடட்டும். இரண்டு மாதம் பொறுங்கள். பத்து மணிக்குக் குடும்பத்தோடு சென்று பார்த்துவிட்டு, அடுத்த கல்யாணத்தில் பாலிகை தெளிக்க யாரை அழைப்பது என்று முடிவு செய்யுங்கள்.