யாருக்கு அந்த முதல் வாக்கு?

“அக்கா, நீங்க அரசியல்தானே படிக்கிறீங்க? நான் யாருக்குப் போடுறது?”

2025 ஏப்ரலில் புலனம் வழி எனக்கு வந்த கேள்வி இது. கேட்டவள் என் அத்தை மகள், வயது 19. அத்தை திருமணமாகிக் கனடாவுக்குப் போனவர். மாமா யாழ்ப்பாணத்துக்காரர். டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பிறந்து வளர்ந்த அவளுக்கு, ஏப்ரல் 28-இல் நடக்கவிருந்த பொதுத்தேர்தல்தான் முதல் தேர்தல்.

அவர்கள் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மாமாவுக்கு என்றைக்கும் லிபரல்தான். “எங்களை இந்த நாட்டுக்குள்ள விட்டவை அவைதான்” என்பார். அண்ணனுக்கு கன்சர்வேட்டிவ். வேலைக்குப் போய் நான்கு ஆண்டுகளாகியும் ஒரு வீடு வாங்க முடியவில்லையே என்ற கோபம் அவருக்கு. இவள் மனமோ என்.டி.பி. எனப்படும் புதிய ஜனநாயகக் கட்சியின் பக்கம். 2022-இல் லிபரல் சிறுபான்மை அரசுக்கு ஆதரவு தர அக்கட்சி கேட்டுப் பெற்றவற்றுள் ஒன்று பல் சிகிச்சைத் திட்டம். அந்தத் திட்டத்தால்தான் இவளுடைய அப்பம்மா பல ஆண்டுகளுக்குப் பிறகு பல் மருத்துவரிடம் போனார்.

நான் யோசிக்காமல் பதில் போட்டேன். “என்.டி.பி. எப்படியும் ஆட்சிக்கு வராது. ஓட்டை வீணாக்காதே. ஜெயிக்கக்கூடிய கட்சிக்குப் போடு.”

அவளும் அப்படியே செய்தாள். முடிவு வந்த அன்று ஒரு செய்தி அனுப்பினாள். “நான் போட்ட கட்சி ஜெயிச்சிடுச்சு அக்கா. ஆனா எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல.”

அந்த ஒரு வரி என்னை நெடுநாள் உறுத்தியது. எந்தக் கட்சி நல்லது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நான் சொன்ன அறிவுரை ஏன் தவறானது என்று சொல்லவே எழுதுகிறேன்.

கனடாவில் பிரதமருக்கு யாரும் நேரடியாக வாக்களிப்பதில்லை. நாடு 343 தொகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் அதிக வாக்கு பெறுபவர் வெல்வார், அவ்வளவுதான். இதனால் நாடளாவிய கணக்கு நம்மை ஏமாற்றும். 2021-இல் கன்சர்வேட்டிவ் 33.7 விழுக்காடு வாக்கு பெற்று 119 இடங்களை வென்றது. லிபரலோ 32.6 விழுக்காட்டோடு 160 இடங்களை வென்று ஆட்சி அமைத்தது. ஆகவே, ‘வாக்கு வீணாகுமா’ என்ற கேள்விக்கு விடை நாட்டில் இல்லை. நம் தொகுதியில் இருக்கிறது.

நான் அதைப் பார்க்கவே இல்லை. 2015 முதல் நடந்த ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் ஸ்கார்பரோவின் எல்லாத் தொகுதிகளும் லிபரல் வசம்தான். அங்கே யாரையாவது தடுக்க வேண்டும் என்று அவள் தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. கியூபெக்கின் டெர்போன் தொகுதியில் நிலைமை வேறு. அங்கே 2025-இல் மறு எண்ணிக்கைக்குப் பின் வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அத்தகைய தொகுதியில் இருப்பவர் கணக்குப் போட்டு வாக்களித்தால் அதில் நியாயம் உண்டு.

தோற்பவருக்குப் போட்ட வாக்கும் வெறும் பூச்சியமல்ல. தொகுதியில் குறைந்தது 10 விழுக்காடு வாக்கு பெறும் வேட்பாளருக்குத் தேர்தல் செலவில் 60 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். அடுத்த முறை அக்கட்சி அங்கே மீண்டும் நிற்க அது ஊன்றுகோல். 2021-இல் 25 இடங்களை வென்ற என்.டி.பி., 2025-இல் 7-க்குச் சரிந்தது. நாடாளுமன்றத்தில் அங்கீகாரம் பெற 12 இடம் வேண்டும். அமெரிக்க அதிபர் டிரம்பின் மிரட்டலுக்கு எதிராகப் பலர் லிபரல் பக்கம் திரண்டது இதற்கு ஒரு பெரிய காரணம். ‘வீணாக்காதே’ என்று சொன்ன என்னைப் போன்றவர்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு.

மாமாவின் நன்றிக்கடனையும் மறுக்க முடியாது. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதல்ல. 1986-இல் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை நாட்டுக்குள் ஏற்றது பிரையன் மல்ரோனியின் முற்போக்கு கன்சர்வேட்டிவ் அரசு. 2010-இல் ‘சன் சீ’ கப்பலில் வந்த 492 தமிழர்களைத் தடுத்து வைத்தது, அக்கட்சி வேறொன்றோடு இணைந்து உருவான கன்சர்வேட்டிவ் கட்சியின் அரசு. கட்சியின் பெயர் அப்படியே இருக்கலாம், உள்ளே இருப்பது மாறிவிடும். அப்பாவின் கட்சி என்பதற்காக மட்டும் ஒரு கட்சியை ஆதரித்தால், இன்றைய கட்சியை நாம் பார்க்கவே இல்லை என்று பொருள்.

இன்று அவள் கேட்டால், மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்கச் சொல்வேன். உன் வீட்டையும் உன் படிப்பையும் தொடும் விஷயம் எது, அதற்கு எந்தக் கட்சி என்ன செய்தது? உன் தொகுதியில் நிற்பவர் யார், அவர் எப்படிப்பட்டவர்? கடைசியாக, அங்கே போட்டி எவ்வளவு நெருக்கம்? நான் கடைசிக் கேள்வியை முதலில் கேட்டேன், மற்ற இரண்டையும் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டால் நமக்குப் பதிலாகப் பயம்தான் வாக்களிக்கும்.

மாணவ நண்பர்களே, நம் நாட்டிலும் அதே முறைதான். தொகுதியில் அதிக வாக்கு பெறுபவரே வெல்வார். 18 வயதானால் நம் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. அடுத்த பொதுத்தேர்தலில் உங்கள் தம்பியோ தங்கையோ என் அத்தை மகள் கேட்ட அதே கேள்வியை உங்களிடம் கேட்கக்கூடும். உடனே ஒரு கட்சியின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். “உனக்கு எது முக்கியம்?” என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதைத்தான்.